இருமல் மருந்துக்குள் நஞ்சு எப்படி வருகிறது?

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில், அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் அது இருக்கவே கூடாது.

அந்த நஞ்சு எங்கிருந்து வந்தது?

சிரப்பில் மருந்தைக் கரைக்க கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவங்கள் தேவை. டைஎத்திலீன் கிளைக்காலும் அவற்றைப் போலவே நிறமற்றது, இனிப்பானது. பிரேக் ஆயில் போன்றவற்றில் சேர்க்கப்படும் இதன் விலையும் குறைவு. மருந்துத் தரமில்லாத திரவத்தை நிறுவனம் வாங்கினாலோ, இடையில் யாரேனும் லேபிளை மாற்றினாலோ நஞ்சு மருந்தாகிவிடும். திரவம் வந்த பீப்பாயைத் திறந்ததும் சோதித்தால் கண்டுபிடித்துவிடலாம். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சட்டம் இல்லையா?

உண்டு. 1937இல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்த சல்ஃபனிலமைடு மருந்து 100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விற்பதற்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று அப்போது சட்டம் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே அங்கே அப்படியொரு சட்டம் வந்தது. இந்தியாவில் மருந்துகள் சட்டம் 1940இல் வந்தது. புதிய மருந்துக்கு மத்திய அரசு அனுமதி தரும். தயாரிப்பு உரிமம் தருவதும் ஆலையை ஆய்வு செய்வதும் பெரும்பாலும் மாநில அதிகாரிகளின் பொறுப்பு. மூலப்பொருளையும் தயாரான மருந்தையும் நிறுவனமே சோதிக்க வேண்டும்.

ஆனாலும் 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 பேர் இறந்தார்கள். 2022இல் காம்பியாவில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, இந்தியாவில் தயாரான நான்கு சிரப்புகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. அதன்பின் 2023 ஜூன் முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்தை அரசு அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிப்பது கட்டாயமானது. உள்நாட்டில் விற்கும் சிரப்புக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை. சிந்த்வாராவின் குழந்தைகளைப் பலிகொண்டதில் இந்த ஓட்டைக்கும் பங்குண்டு. வெளிநாட்டுக் குழந்தைக்குத் தரும் பாதுகாப்பை நம் குழந்தைக்கும் தர வேண்டும். சிறிய ஆலைகளுக்கு எந்நேரமும் ஆய்வாளர் வரலாம் என்ற நிலை வேண்டும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து வேண்டாம் என்கிறது மத்திய சுகாதாரத் துறை. ஐந்து வயதுவரை பொதுவாகத் தேவையில்லை. பெரும்பாலான இருமல் தானாகவே தணியும். டாக்டர் எழுதித் தராமல் கடையில் கேட்டு வாங்காதீர்கள். மருந்து கொடுத்தபின் குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாட்டிலையும் எறிந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள பேட்ச் எண்ணை வைத்துத்தான், அதே மருந்து இன்னொரு வீட்டுக்குப் போகாமல் தடுக்க முடியும்.