பிரெஞ்சு ஒரு பாதி, அரசியல் மறுபாதி

காரைக்கால் கோவில்பத்தில் அண்ணன் தம்பி இருவர். அவர்களுடைய பேத்திகள் ஒரே பள்ளியில் படித்து, ஒரே மதிப்பெண் வாங்கி, பிரான்ஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒரே படிப்புக்கு இடம் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தியிடம் கேட்கும் ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல் இன்னொருத்தியிடம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குத் தனிக் கட்டணம் என்ற முறை 2019-ல் வந்தது. அப்போது இளநிலைப் படிப்புக்கு உள்நாட்டவருக்கு 170 யூரோ, வெளிநாட்டவருக்கு 2,770 யூரோ. பிறகு இரண்டும் சற்று ஏறியிருக்கின்றன. விலக்கு தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் விசாரித்துவிடுவது நல்லது.

இந்த இருவரில் யார் உள்நாட்டவர், யார் வெளிநாட்டவர் என்பதை அவர்களுடைய தாத்தாக்கள் எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சு ஊர்களை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் பிரான்ஸுடனான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். எழுதிக் கொடுக்காத மற்றவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். ஒரு தாத்தா எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் பேசாமல் இருந்துவிட்டார்.

பிரெஞ்சையும் அரசியலையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிப்பது என்றால் என்ன என்று கேட்கும் காரைக்கால் மாணவருக்கு இங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரெஞ்சுத் துறைக்குப் போனால் மோலியேரின் நாடகம் இருக்கும். அரசியல் துறைக்குப் போனால் இந்திய அரசமைப்பு இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில். இந்த இரண்டு பேத்திகளின் கணக்கு இரண்டு வகுப்பறையிலும் வராது.

பிரிட்டனில் இப்படிப்பட்ட இணைப் பட்டம் நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கிறது. பெரும்பாலும் நான்கு ஆண்டு. பாதி மொழி, பாதி அரசியல், கையில் கிடைப்பது ஒரே பட்டம். மூன்றாம் ஆண்டை பிரெஞ்சு பேசும் நாட்டில் கழிக்க வேண்டும்: அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கலாம், பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், வேலையும் பார்க்கலாம். திரும்பி வரும்போது நாடாளுமன்ற விவாதம், கட்சி அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகியவற்றை மூலத்திலேயே படித்து வாதிடும் அளவுக்கு மொழி வந்திருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பிரான்ஸில் இதற்கு நெருக்கமான இடம் 1872-ல் தொடங்கிய சியான்ஸ் போ. அதன் லெ ஆவ்ர் வளாகம் 2007-லிருந்து ஆசியாவை மையமாக வைத்துப் பாடம் நடத்துகிறது. இந்தப் படிப்புகளின் விளம்பரப் படங்களில் ஈபிள் கோபுரம் தவறாமல் வரும். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை.

1739-ல் ஆளுநர் துய்மா காலத்தில் தஞ்சை அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் காரைக்கால். அங்கே மொழி எப்போதும் அரசியலோடு சேர்ந்தேதான் வந்திருக்கிறது. 1848-ல் பிரான்ஸில் ஆண்கள் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்தபோது, பிரெஞ்சிந்திய ஆண்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். பக்கத்து நாகூரில் இருந்தவருக்கு அப்போது வாக்கு என்ற பேச்சே கிடையாது. மூன்றாம் குடியரசு வந்த பிறகு இங்கிருந்து பாரிஸுக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

வாக்கு இருந்தது, சமம் இருந்ததா? 1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார், தடுத்தார்கள். பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். அடுத்து 1881 செப்டம்பர் 21-ன் ஆணை வந்தது. தன் சமூகத்தின் தனிச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கிறேன் என்று ஒருவர் பதிவுசெய்துகொள்ளலாம். அதோடு ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி 'லாபோர்த்' ஆனார். இப்படி மாறியவர்களை ரெனோன்சான் என்றார்கள். பின்வாங்க வழி கிடையாது.

1884-ல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற எல்லாரும். சில நூறு ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், பல்லாயிரம் பேருக்கு ஒரு பட்டியல். சாதி வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசியல் தலைவர் சண்முக முதலியாரின் அணி ஒரு பக்கம், சிவில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மேலே வர நினைத்தவர்கள் மறுபக்கம். இந்தச் சண்டையைப் பிரெஞ்சு தெரியாமல் படித்தால் சாதிச் சண்டையாக மட்டும் தெரியும். அரசியல் தெரியாமல் படித்தாலோ வெறும் ஆணைகளின் பட்டியல்தான் கிடைக்கும். இந்தப் படிப்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: வெளிநாட்டில் இது இரண்டு பாடங்களின் கூட்டணி, காரைக்காலைப் பொறுத்தவரை ஒரே பாடத்தை நாம் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறோம்.

கடல் கடந்தும் இதே கதைதான். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சைகோன் போனவர்கள் வணிகம் செய்தார்கள். அரசு அலுவலகங்களிலும் படையிலும் வேலை பார்த்தார்கள். பிரெஞ்சுக் குடிமகன் என்ற தகுதி அங்கே வாக்காகவும் சம்பளமாகவும் மாறியது. படையில் இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களை நம் ஊர்களில் இன்றும் 'சொல்தா' என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலேயே ஒப்பந்தக் கூலிகளாகக் குவாதலூப்புக்குக் கப்பலேற்றப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அதே பிரெஞ்சு அரசு வாக்குரிமை இல்லை என்றது. அந்தத் தீவில் 1863-ல் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-லிருந்து 1923 வரை இதற்காக வழக்காடினார். பிரெஞ்சுச் சட்டத்தின் மொழியிலேயே வாதாடி, இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமையையும் வாக்கையும் வாங்கிக் கொடுத்தார். இணைப் பட்டத்துக்கு ஒரு பாடத்திட்டம் எழுதச் சொன்னால் முதல் பருவத்தில் இவரைத்தான் வைப்பேன்.

அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம். பிரெஞ்சிந்திய ஊர்களில் ஒன்றான சந்திரநாகூரில், இந்தியாவோடு சேருவதா என்று 1949-ல் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். மற்ற நான்கு ஊர்களுக்கும் 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள்; 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். மக்களின் சம்மதமில்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிரெஞ்சு அரசமைப்பு சொல்லியிருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த ஏற்பாடு. பிரதிநிதிகளின் வாக்கு மக்களின் சம்மதம் ஆகுமா என்பது நல்ல தேர்வுக் கேள்வி. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாரிஸ் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர ஆறு ஆண்டு ஆனது.

குடியுரிமை பற்றிய பிரிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். இங்கே பிறந்து இங்கேயே இருந்தவர் பேசாமல் இருந்தால் இந்தியர். இங்கே பிறந்து சைகோனில் இருந்தவர் பேசாமல் இருந்தால் பிரெஞ்சுக்காரர். அவர் இந்தியராக வேண்டுமென்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே குடும்பத்தில் இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி விடை இருக்கிறது. 28-ஆம் பிரிவு இன்னும் சுவையானது: மக்கள் பிரதிநிதிகள் வேறு மாதிரி முடிவெடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்கிறது. 1965-ன் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்துக்கும், மாஹேயில் மலையாளத்துக்கும், ஏனாமில் தெலுங்குக்கும் இடம் கொடுத்தது. அதோடு பிரெஞ்சு போய்விட்டதா இல்லையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ரெனோன்சான்கள் விஷயமும் முடிந்துவிடவில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று 1963-ல் சேர்த்த வரி அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இதனால் பாகப்பிரிவினை வழக்கில் 1880-களின் ஒரு பிரெஞ்சுப் பதிவேடு திடீரென்று முக்கியமாகிவிடலாம். அந்தப் பதிவேடுகளை வாசிக்கத் தெரிந்தவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள்.

2022-ல் பிரெஞ்சு அதிபர் தேர்தல் நடந்தபோது புதுச்சேரி, சென்னையோடு காரைக்காலிலும் வாக்குச்சாவடி வைத்தார்கள். வெளிநாடுவாழ் பிரெஞ்சுக்காரருக்காக 2012 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்தில் பதினொரு தொகுதிகள் உண்டு. இந்தியா வருவது பதினொன்றாவதில். ஆசியாவின் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியாவும் அதே தொகுதிதான். சட்டமன்றத்துக்கு ஐந்து உறுப்பினர்களை அனுப்பும் காரைக்கால் மாவட்டத்தில் இந்த இன்னொரு தேர்தலைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுத விரும்பும் மாணவர் பேட்டியைத் தமிழில் எடுக்க வேண்டும், வேட்பாளர் அறிக்கையைப் பிரெஞ்சில் படிக்க வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறையும் இருக்கிறது, அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுத் துறையும் இருக்கிறது. இரண்டும் தனித்தனி வீடுகள். ஆனால் விதிகள் இப்போது தளர்ந்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைக் கட்டமைப்பின்படி, மொத்தக் கிரெடிட்டில் 40 சதவீதமாவது இரண்டாவது பாடத்தில் எடுத்தால் இரட்டை முதன்மைப் பாடத்தோடு பட்டம் பெறலாம். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதி வந்தது. கல்லூரியில் பிரெஞ்சு, தொலைநிலையில் இக்னோவின் அரசியல் அறிவியல் என்று எடுப்பது அதனால் சாத்தியம். பிள்ளையைச் சேர்க்கும் முன் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த இரண்டு பாடத்தின் வகுப்பு நேரமும் மோதாமல் கால அட்டவணை போடுவீர்களா? விதி அனுமதிப்பதை அட்டவணை கெடுத்துவிடும்.

வேலை? இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். ஐ.நா. செயலகத்தின் பணிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்பவர்கள் கட்டாயமாகக் கற்கும் வெளிநாட்டு மொழிகளில் பிரெஞ்சும் ஒன்று. 2018-ல் ஆப்பிரிக்காவில் 18 புதிய தூதரகங்களைத் திறக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தப் பட்டியலில் டோகோ, சாட், கினி, கேமரூன், ஜிபூட்டி என்று பிரெஞ்சு புழங்கும் நாடுகள் நிறைய. ஆனால் வெளியுறவுப் பணிக்கு யுபிஎஸ்சி தேர்வு எழுதித்தான் போக வேண்டும். பட்டத்தைக் காட்டி நுழைய முடியாது. மொழிபெயர்ப்பு, நிறுவனங்களின் பிரெஞ்சு வாடிக்கையாளர் சேவை, ஆசிரியர் பணி, தொண்டு நிறுவனங்கள் ஆகியவைதான் பெரும்பாலோருக்கு வாய்க்கும். பிரெஞ்சின் செல்வாக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மாலி 2023-ல் பிரெஞ்சை ஆட்சிமொழி என்ற நிலையிலிருந்து இறக்கியது. புர்கினா பாசோவும் நைஜரும் பின்தொடர்ந்தன. 2025 மார்ச்சில் மூன்றும் பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தன. மொழியை மட்டும் படித்தவருக்கு இது கெட்ட செய்தி. அரசியலும் சேர்த்துப் படித்தவருக்கு இதுவே ஆய்வுப் பொருள்.

கடைசியாகக் காலக் கணக்கு. தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்து, தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டு ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் வெளியே வருபவர்களை நிறையவே பார்க்கலாம். அந்தப் பிரெஞ்சு இந்தப் படிப்புக்கு உதவாது. பிரான்ஸில் பிரெஞ்சு வழி இளநிலைக்குப் பொதுவாக ஐரோப்பிய மொழித் தர அளவீட்டில் பி2 நிலை கேட்கிறார்கள். அடியிலிருந்து அங்கே போய்ச் சேரச் சுமார் அறுநூறு மணி நேர வகுப்பு வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் என்றால் மூன்று ஆண்டு. 2030-க்குள் முப்பதாயிரம் இந்திய மாணவர்களைச் சேர்க்கப்போவதாக அதிபர் மக்ரோன் 2024 ஜனவரியில் அறிவித்தார். முதலில் பிரெஞ்சு கற்பித்துவிட்டுப் பிறகு இளநிலையில் சேர்க்கும் சர்வதேச வகுப்புகளும் அந்தத் திட்டத்தில் இருக்கின்றன. தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு அது ஒரு வழி. மற்றவர்கள் கவனிக்க வேண்டியது: முதலாண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய டிசம்பர் நடுவிலேயே மூடிவிடும். நம் பொதுத்தேர்வோ அதற்குப் பிறகுதான். ஆகவே கோவில்பத்து மாணவி பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், பிரெஞ்சு வகுப்பில் சேர வேண்டிய இடம் ஒன்பதாம் வகுப்பின் தொடக்கம்.