பிளாசுமாக்கல உதட்டழற்சியும் பூச்சுமருந்தும்

உதட்டில் தோன்றும் வெடிப்பும் தோலுரிதலும் பெரும்பாலும் வரட்சியினாலோ, நாவால் அடிக்கடி நனைப்பதனாலோ விளைவன. ஆயின் மாதக்கணக்கில் ஆறாது நிற்கும் செம்மையை அவ்வாறு எளிதில் ஒதுக்கிவிடல் தகாது. அதற்குரிய அரிதான காரணங்களுள் ஒன்றாகிய பிளாசுமாக்கல உதட்டழற்சியையும், அதற்கு வழங்கப்படும் பூச்சுமருந்துகளையும் ஈண்டு நோக்குவாம்.

இந்நோய் பெரும்பாலும் முதியோரின் கீழுதட்டிலே காணப்படுகின்றது. தெளிவான எல்லையும் பளபளப்பும் உடைய செந்நிறத் திட்டாகத் தோன்றிச் சிலவேளை புண்ணாகவும் மாறும். 1952ஆம் ஆண்டில் சூன் என்னும் தோல்மருத்துவர் ஆண்குறி முனையில் ஏற்படும் இத்தகைய அழற்சியை விவரித்தார். உதட்டு நோயும் அதனை ஒத்த இயல்பினதே. நுணுக்குக்காட்டியில் நோக்கின், மேலணியின் கீழே பிளாசுமாக்கலங்கள் பட்டிபோற் செறிந்திருத்தலைக் காணலாம். பிறபொருளெதிரிகளை ஆக்குவன இக்கலங்களே.

சிகிச்சைக்கு முந்தியது நோயைத் துணிதல். வெயிலால் உண்டாகும் உதட்டழற்சியும் உதட்டுப் புற்றுநோயும் வெறுங்கண்ணுக்கு இதனைப் போலவே தோன்றக்கூடும். எனவே இழையத் துண்டொன்றை எடுத்துச் சோதியாது களிம்பு பூசுதல் ஆபத்தானது. செம்மை சிறிது தணிய நோயாளி ஆறுதலடைவார். புற்றுநோயோ உள்ளே வளரும். சிபிலிசு நோயிலும் பிளாசுமாக்கலங்கள் மிகுவதால், அதனை விலக்கக் குருதிச் சோதனையும் வேண்டும்.

நோய் உறுதியானபின் குளோபெற்றசோல் போன்ற வலிய இசுத்தெரோயிட்டுக் களிம்புகளே பெரும்பாலும் முதலில் வழங்கப்படும். இவை அழற்சியைத் தணிப்பினும், நெடுநாட் பூசின் மென்மையான உதட்டுத் தோலை மேலும் மெலியச் செய்யும். பங்கசுத் தொற்றுக்கும் இடந்தரும். இக்குறையை ஓரளவு நீக்குவது தக்குரோலிமசு. யப்பானின் சுக்குபாப் பகுதி மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றிலிருந்து 1984இல் கண்டறியப்பட்ட இம்மருந்து, நிணநீர்க்கலங்களிலுள்ள கல்சினியூரின் என்னும் நொதியத்தைத் தடுத்து, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் சுரத்தலைக் குறைக்கின்றது. தோலை இது மெலிவிப்பதில்லை. 0.03, 0.1 சதவீதக் களிம்புகளாக இது கிடைக்கின்றது. பூசிய தொடக்கநாட்களில் எரிவு தோன்றலாம்; பெரும்பாலும் அது தானே தணியும்.

எனினும் இக்களிம்பு ஒவ்வாமைத் தோலழற்சிக்கென அனுமதிக்கப்பட்டதேயன்றி இந்நோய்க்கென அன்று. நோய் அரிதாதலின் இதன் பயன்பற்றிய சான்றுகள் தனித்தனி நோயாளர் பற்றிய அறிக்கைகளாகவே உள. பயனும் ஆளுக்காள் வேறுபடும். 2006இல் அமெரிக்க ஐக்கிய நாட்டு அதிகாரிகள், காரணத்தொடர்பு நிறுவப்படாதபோதும், புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையை இதன் உறையில் இடப்பணித்தனர். ஆதலால் குறைந்த அளவிற் பூசுதலும், வெயிலைத் தவிர்த்தலும், ஆறாத திட்டை மீளச் சோதித்தலும் இச்சிகிச்சையின் பிரிக்கவொண்ணாப் பகுதிகளாம்.