நிரலும் அரங்கேற்றமும்

தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் அரங்கேறியது எனப் பாயிரம் கூறும். கட்டற்ற மென்பொருளிலும் இம்மரபு உண்டு. ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் படித்துக் குறைகண்ட பின்னரே அது மூலத்தில் சேரும்.

படிக்கும் முறைதான் வேறுபடும். லினக்ஸ் கருவகத்தார் திருத்தங்களை இன்றும் மின்னஞ்சலில் அனுப்பி வரிவரியாக வாதிடுகின்றனர். கெரிட் என்னும் கருவி, உரிய ஒப்புதல் மதிப்பெண் பெறாத திருத்தத்தைச் சேரவே விடாது. 2008இல் தோன்றிய கிட்ஹப்பிலோ பழைய வரியும் புதிய வரியும் உலாவியிலேயே தோன்றும், வரியின்கீழ்க் கருத்தெழுதலாம்.

இவற்றுள் எது நமக்கு ஏற்றது? ஆராய்வோர் யாவர் என்பதைப் பொறுத்தது அது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பர் ஈப்போத் தமிழ்ப்பள்ளி மாணவர். பைத்தான் மொழி ஐந்து என எண்ணும். யூனிகோட்டில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் ஆதலின். சொல்லைத் திருப்பியெழுதப் பணித்தால் புள்ளி முன்னே வந்து நிற்கும்! நிரல் தடையின்றி ஓடும், விடைதான் பிழை. கணிப்பொறி வல்லுநர் இதனைக் காணாது விடக்கூடும். நன்னூல் கற்பித்த ஆசிரியர் விடார். ஆதலின், அவர் எளிதில் நுழையக்கூடிய உலாவிவழி முறையே தமிழ்த் திட்டங்களுக்குத் தக்கதென்பது எம் கருத்து.

திருத்தம் சிறிதாயிருத்தலும், விரைந்து பார்க்கப்படுதலும் வேண்டும். பேராக் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோர் இதனை நன்கறிவர். ஆழ வெட்டிய காயத்தைக் கங்காணி அன்றே காட்டினால் மறுநாள் கை திருந்தும். பல திங்கள் கழித்துக் கண்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளர்ந்திருக்கும்.

ஆசிரியர் நிரல் எழுதவேண்டா. சொற்களையும் அவற்றின் எழுத்தெண்ணிக்கையையும் பட்டியலாகத் தந்தால், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் கணிப்பொறியே சரிபார்க்கும்படி அமைக்கலாம். ‘க்ஷ’ ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்னும் பழம்பூசலை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.