சான்றுச் சங்கிலி

வேலை தேடிப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் சென்ற தமிழ் இளைஞர் பலர், முன்னாளில் தம் பெட்டியில் ஓர் அறிமுகக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துச் சென்றனர். அதைப் பெறுபவருக்கு இளைஞரைத் தெரியாது, எழுதியவரைத் தெரியும். அவர்மீது கொண்ட நம்பிக்கை வந்தவரையும் சேர்ந்தது. இன்று வெளிமாநிலத்திலிருந்து ஊரிலுள்ள பெற்றோருக்கு இணையத்தின் வழியே பணம் அனுப்புகிறோம். அங்கும் இம்முறையே நம்மைக் காக்கிறது. கடிதத்தின் இடத்தில் இருப்பது மின்சான்றிதழ்.

வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது இரண்டு ஐயங்கள் தீர வேண்டும். நாம் அனுப்பும் கடவுச்சொல்லை வழியில் பிறர் படிக்க இயலுமா என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பது மெய்யாகவே அவ்வங்கிதானா என்பது மற்றொன்று. செய்தியை மறைமொழியாக்கி அனுப்பினால் முதல் ஐயம் தீரும். ஆனால் மறுமுனையில் இருப்பவனே திருடனாயின் மறைத்து அனுப்பி என்ன பயன்? ஆகவே இரண்டாவது ஐயமே முதன்மையானது.

இதற்காக ஒவ்வொரு தளமும் இரு திறவுகோல்களை உண்டாக்கிக்கொள்கிறது. ஒன்று யாவரும் அறியத்தக்க பொதுத் திறவுகோல். மற்றது எவரிடமும் கொடுக்கலாகாத மறைத் திறவுகோல். தளத்தின் பெயரையும் பொதுத் திறவுகோலையும் குறிப்பிட்டு ஒரு சான்றளிப்பு நிறுவனத்துக்கு விண்ணப்பம் செல்கிறது. அப்பெயர் விண்ணப்பதாரரின் ஆளுகையில் உள்ளதா என்று அந்நிறுவனம் சோதித்து, தன் மறைத் திறவுகோலால் கையொப்பமிட்டுச் சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

கையொப்பமிட்டவரை நம்புவது எங்ஙனம்? அவருக்கும் மேலே ஒரு மூலச் சான்று உண்டு. நம்பத்தக்க மூலச் சான்றுகளின் பட்டியல் நம் கைப்பேசியிலும் கணினியிலும் முன்னரே பதிந்திருக்கிறது. மூலத்தின் மறைத் திறவுகோல் அருமையானது. ஆதலால் அதனை இணையத் தொடர்பின்றிப் பூட்டி வைத்து, அன்றாடக் கையொப்பங்களை இடைச் சான்றுகளிடம் ஒப்படைக்கின்றனர். தளம், இடை, மூலம் எனக் கண்ணிகள் கோத்துச் சங்கிலி உருவாகிறது.

உலாவி இச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாக ஆராய்கிறது. ஒவ்வொரு கையொப்பமும் பொருந்துகிறதா? நாம் தட்டிய முகவரியும் சான்றிலுள்ள பெயரும் ஒன்றா? காலம் கடந்துவிட்டதா? இடையில் நிற்பவருக்குப் பிறர் சான்றில் கையொப்பமிடும் உரிமை உண்டா? சங்கிலி அறிமுகமான மூலத்தில் முடிகிறதா? இவற்றுள் ஒன்று தவறினாலும் எச்சரிக்கை தோன்றும். கைப்பேசியின் தேதி தவறாயிருந்தாலும் நல்ல சான்று காலாவதியானதாகத் தோன்றக்கூடும். அதனை முதலில் சரிபார்ப்பது நன்று.

தமிழ்ச் சங்கங்களுக்குத் தளம் அமைப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தளத்தின் சான்றை மட்டும் நிறுவினால் போதாது. இடைச் சான்றையும் உடன் வைக்க வேண்டும். விடுபட்ட கண்ணியைச் சில உலாவிகள் தாமே தேடிக்கொள்ளும். வேறு சில கருவிகள் தேடா. ஆகவே ஒரு கணினியில் திறக்கும் தளம் ஒரு கைப்பேசியில் எச்சரிக்கை காட்டலாம். பல கருவிகளில் சோதித்த பிறகே பணி முடிந்ததாகக் கொள்ள வேண்டும். சான்றை உரிய காலத்தில் புதுப்பிப்பதும் அவசியம். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டு முதல் கட்டணமின்றிச் சான்று வழங்கிவருவதால் பொருட்செலவு ஒரு தடையன்று.

சங்கிலியின் வலிமை அதன் ஒவ்வொரு கண்ணியின் நேர்மையைப் பொறுத்தது. 2014 ஜூலை 2ஆம் நாள், கூகுளின் முகவரிகளுக்கு அதன் இசைவின்றிச் சான்றுகள் வழங்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அவற்றை வழங்கியது நம் நாட்டுத் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. அதன் இடைச் சான்றுகளுக்கு மேல் நின்றது இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டு அதிகாரியின் மூலச் சான்று. அம்மூலம் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இருந்தமையால் விண்டோஸ் கணினிகளில் பல உலாவிகள் போலியை மெய்யென நம்பியிருக்கக்கூடும். தனக்கென வேறு பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் அதை ஏற்கவில்லை. மறுநாளே அவ்விடைச் சான்றுகள் ரத்துச் செய்யப்பட்டன. மேல் கண்ணி ஒன்று பிழைபட்டால், அதன் கீழுள்ள அனைத்தும் ஐயத்துக்குரியனவாகும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. முறையான சான்று, பெயரை உறுதிசெய்யுமேயன்றிப் பெயருடையவரின் நல்லொழுக்கத்தை உறுதிசெய்யாது. வங்கியின் பெயரைப் போன்ற ஒரு பெயரை மோசக்காரனும் பதிவுசெய்து, அதற்கு முறையான சான்றும் பெறலாம். எனவே பணம் அனுப்புமுன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொடுவதைவிட முகவரியை நீங்களே தட்டுவது மேல். எச்சரிக்கை தோன்றினால் அதனைத் தள்ளிவிட்டு உள்ளே செல்லாதீர்கள். சங்கிலியை ஆராய்வது கருவியின் வேலை. அது அறுந்ததென்று சொல்லும்போது நிற்பது நம் கடமை.