ஒரே பெயரில் ஒளிந்திருந்த வியாதி

எதிரி இன்னாரென்று அறியாமல் போர் தொடுப்பவன் ஜயிப்பது அரிது. வைத்தியமும் அப்படியே. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்ச் சரித்திரம் இதை நன்கு விளக்குகிறது.

ஜெர்மன் ரணசிகிச்சை நிபுணர் மாக்ஸ் வில்ம்ஸ் 1899-ம் வருஷத்தில் இக்கட்டிகளைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார். 'வில்ம்ஸ் கட்டி' என்ற பெயரும் நிலைத்தது. பிற்காலத்தில் ரணசிகிச்சையும் மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் சேர்ந்து அநேகக் குழந்தைகளைக் காப்பாற்றின. ஆயினும், அதே சிகிச்சை பெற்றும் சில குழந்தைகள் மாண்டனர். வில்ம்ஸ் கட்டி பரவினால் பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். இவர்களிலோ பலருக்கு எலும்பைத் தாக்கிற்று. காரணம் யாது?

அமெரிக்காவில் 1969-ல் துவங்கிய தேசீய வில்ம்ஸ் கட்டி ஆராய்ச்சியில் பல ஆஸ்பத்திரிகள் ஒன்றுகூடின. அங்கே சேர்ந்த கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பரிசோதித்த பெக்வித், பால்மர் என்ற இருவர், அவற்றுள் வேறொரு கொடிய வகை கலந்திருப்பதை 1978-ல் வெளியிட்டனர். அதே வருஷத்தில் இங்கிலாந்தின் மார்ஸ்டனும் லாலரும் எலும்புக்குப் பரவும் அக்கட்டியை விவரித்தனர். அதுவே 'க்ளியர் ஸெல் ஸார்கோமா'. குழந்தைகளின் சிறுநீரகக் கட்டிகளில் நூற்றுக்குச் சுமார் 3 முதல் 5 வரையே இவ்வகை.

வேற்றுமை தெரிந்ததும் சிகிச்சையும் மாறிற்று. 'டாக்ஸோரூபிஸின்' என்ற மருந்தைச் சேர்த்ததும் பிழைப்போர் தொகை உயர்ந்தது. 351 நோயாளிகளைப் பற்றி 2000-ல் வெளிவந்த அறிக்கையின்படி நூற்றுக்கு 69 பேர் பிழைத்தனர். முதற்கட்டத்திலேயே கண்டறியப்பட்டவர்களில் 98 பேர். அம்மருந்து இருதயத்துக்குத் தீங்கு செய்யக்கூடுமாதலால், எல்லோருக்கும் கண்மூடி வழங்குவதும் தகாது. வியாதி சில வருஷங்கள் கழித்து, மூளையிலும்கூட, மீண்டும் தலைகாட்டுவதுண்டு. ஆகவே குணமடைந்த குழந்தையையும் வெகுகாலம் கண்காணிக்க வேண்டும்.

இதில் நாம் அறிய வேண்டியதென்ன? தனித்த ஓர் ஆஸ்பத்திரி இவ்வியாதியை அபூர்வமாகவே காணும். பல ஆஸ்பத்திரிகள் கூடினாலன்றி உண்மை புலப்படாது. வெட்டியெடுத்த கட்டி ஒவ்வொன்றும் தேர்ந்த நிபுணரின் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். பொதுப்பணத்தில் இதற்கென ஒதுக்குவது வீண் செலவன்று. குழந்தையின் வயிற்றில் வலியில்லாத வீக்கமோ, சிறுநீரில் இரத்தமோ கண்டால், பெற்றோர் வயிற்றை அழுத்தாமலும் தாமதியாமலும் வைத்தியரை நாட வேண்டும். பொதுநல ஊழியர்கள் இதை வீடுதோறும் எடுத்துரைப்பார்களாக! அபூர்வ வியாதி என்பதால் அக்குழந்தையின் உயிர் அற்பமாகிவிடாது.