வேளாங்கண்ணி நடைபயணம்: பாதி வழியில் கால் கொப்பளிப்பது ஏன்? செருப்பு, ஷூ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஆகஸ்ட் கடைசியில் கடலூர் - சிதம்பரம் சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போனது. காவி உடை, தலையில் துண்டு, முன்னால் மாதா சொரூபம் வைத்த சின்னத் தேர், பின்னால் பாயும் மூட்டையும் ஏற்றிய ஒரு வேன். கடலூர் முதுநகரைத் தாண்டி, சிப்காட் தொழிற்சாலைகள் நிற்கும் குடிகாடு பக்கம் இந்தக் குழுக்கள் வரும்போது பலருடைய நடையே மாறியிருக்கும். ஒருவர் குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடப்பார். இன்னொருவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலையோர மண்ணாகப் பார்த்துக் கால் வைப்பார். கேட்டால் பதில் ஒன்றுதான்: "செருப்பு கடிச்சிருச்சு."

சென்னையிலிருந்து கிளம்பியவர்கள் இந்த இடத்துக்கு வரும்போது ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நடந்து முடித்திருப்பார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ, செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழாவுக்கோ போய்ச் சேர வேண்டும். இன்னும் சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பாக்கி. நாளைக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 40,000 அடிகள். அதாவது ஒவ்வொரு பாதமும் ஒரே நாளில் 20,000 முறை தரையில் ஊன்றி எழுகிறது. முழங்கால் தாங்கும், மூச்சு தாங்கும். ஆனால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கொப்புளம் வந்துவிட்டால் நடை அதோடு நின்றுபோகலாம்.

உண்மையில் 'கடிப்பது' எது?

கொப்புளம் என்றாலே தோல் மேலே தேய்ந்து வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மேல்தோல் தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் உள்ளே உருவாகிறது. வியர்வையில் நனைந்த சாக்ஸோ செருப்பு வாரோ தோலின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்கிறது. அதே நேரத்தில் உள்ளே எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. மேலே பிடி, உள்ளே இழுப்பு. இடையில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, ஒரு கட்டத்தில் பிரிந்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. உள்ளங்காலிலும் குதிகாலிலும் தோல் தடிப்பாக இருப்பதால் அது சட்டென்று கிழியாது, உப்பி நிற்கும்.

ஆகவே கொப்புளத்துக்குத் தேவையானவை மூன்று: ஈரம், சூடு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுப்பு. ஆகஸ்ட் மாதக் கடலோரப் புழுக்கமும், கொதிக்கும் தார்ச்சாலையும், திடீரென்று வந்து நனைத்துவிட்டுப் போகும் சாயங்கால மழையும் முதல் இரண்டையும் தாமாகவே தந்துவிடுகின்றன. மூன்றாவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அது காலணியைப் பொறுத்தது.

புதுசு வேண்டாம்

நடைபயணம் போகிறவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு நல்லெண்ணத்தில் செய்வது. "இவ்வளவு தூரம் நடக்கப் போறோம், பழைய செருப்போடயா போறது?" என்று கிளம்புவதற்கு முதல் நாள் புது ஷூ வாங்குவார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், புது ஷூ முதல் சில நாட்களுக்கு உங்கள் காலின் வடிவத்தை அறியாது. அந்த அறிமுகம் 30 கிலோமீட்டர் நடையில் நடக்கக் கூடாது. குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கி, முதலில் வீட்டுக்குள், பிறகு கடைத்தெரு வரை, பிறகு ஐந்து, பத்து கிலோமீட்டர் என்று போட்டுப் பழக வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், காலுக்குப் பழகிய ஹவாய் செருப்பே புது ஷூவைவிட மேல்.

ஹவாய் செருப்பிலும் சிக்கல் உண்டு. பின்னால் பிடிப்பு இல்லாததால் அது கழன்று போகாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே உள்ள வார் அந்த இடத்தையே அறுக்கும். ஒரு மணி நேரத்துக்கு இது தெரியாது. ஆறு மணி நேரத்தில் நன்றாகத் தெரியும். அடி தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்த செருப்பு என்றால் குதிகாலும் சேர்ந்து நோகும். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் பின்வார் வைத்த, ஒட்டுப்பட்டையால் இறுக்கித் தளர்த்தக்கூடிய சாண்டல் நல்ல நடுவழி. காற்று போகும், நனைந்தாலும் சீக்கிரம் காயும். மணலும் பொடிக்கல்லும் உள்ளே வரும் என்பதுதான் அதன் குறை. அவ்வப்போது கழற்றித் தட்டத்தான் வேண்டும்.

ஷூதான் என்று முடிவு செய்தவர்கள் கடைக்குச் சாயங்காலம் போவது நல்லது. காலையில் இருக்கும் பாதம் வேறு, நாள் முழுக்க நின்று நடந்து வீங்கிய பாதம் வேறு. காலை பத்து மணிக்குக் கச்சிதமாக இருக்கும் ஷூ மதியம் மூன்று மணிக்கு விரல்களை நசுக்கும். நடக்கும்போது போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். அவர்கள் அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பலருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது. பெரிய பாதத்துக்கு வாங்குவதே சரி. அகலத்தில் விரல்கள் விரிந்து அசைய வேண்டும். ஆனால் குதிகால் மட்டும் மேலே கழன்று வரக் கூடாது. முன்னால் தாராளம், பின்னால் பிடிப்பு. விற்பவர் "போடப்போட லூசாகிடும் சார்" என்று சொன்னால் அந்த ஜோடியை வைத்துவிடலாம். நாள் கணக்கில் நடக்கப்போகிறவருக்கு அந்த உறுதிமொழி உதவாது.

குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குகிறது என்றால் கயிற்றைக் கட்டும் விதத்திலேயே ஓரளவு சரிசெய்யலாம். கணுக்கால் பக்கம் கடைசியாக ஒரு கூடுதல் ஓட்டை பெரும்பாலான நடை ஷூக்களில் உண்டு. பலரும் அதை அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். கயிற்றை அதே பக்கத்து ஓட்டையில் விட்டுச் சின்ன வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. பாதத்தின் முன்பகுதியை இறுக்கவும் வேண்டாம்.

சிப்காட் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்கள், கம்பெனியில் கொடுத்த பாதுகாப்பு ஷூவைத்தான் உறுதியானது என்று நடைக்கும் போட்டுக்கொள்ள நினைக்கலாம். அது விரல் மேல் இரும்பு விழுந்தால் காப்பாற்றச் செய்தது. மடங்காத முன்பகுதி நெடுநடைக்கு ஆகாது.

பருத்தி நல்லதுதானே?

உடுத்துவதற்கு நல்லது, நெடுநடையில் சாக்ஸாக அல்ல. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும், காயாது. ஈரத் துணி தோலை இறுகப் பிடிக்கும். விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர், நைலான் கலந்த சாக்ஸ் ஈரத்தை வெளியே தள்ளிவிடும். மெல்லிய சாக்ஸ் ஒன்றின் மேல் இன்னொன்று போட்டால் இன்னும் நல்லது. இரண்டு துணிகளும் ஒன்றோடு ஒன்று வழுக்கும்போது தோலுக்கு வரும் இழுப்பு குறைகிறது. மதிய ஓய்வில் சாக்ஸை மாற்றிவிட்டு, நனைந்த ஜோடியை வேன் கம்பியிலோ பையின் மேலோ கட்டிக் காயவிடலாம்.

வாசலினும் தேங்காய் எண்ணெயும் தடவுகிற பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. வழுவழுப்பு தொடக்கத்தில் உதவும். சில மணி நேரத்தில் அது தோலை ஊறவைத்து மென்மையாக்க, உராய்வு முன்பைவிடக் கூடிவிடும். தடவினால் மறுபடி மறுபடி துடைத்துத் தடவ வேண்டும். ஒருமுறை தடவிவிட்டு நாள் முழுக்க நடப்பதில் பயனில்லை.

இதைவிட மலிவான, சோதித்துப் பார்த்த வழி ஒன்று எல்லா மருந்துக் கடையிலும் இருக்கிறது: காயத்துக்குப் பஞ்சு ஒட்டப் பயன்படும் காகித டேப். 'மைக்ரோபோர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள், 250 கிலோமீட்டர் பல நாள் ஓட்டத்தில் கலந்துகொண்ட 128 பேரின் கால்களில் இதை ஒட்டிப் பார்த்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் வருவது 40 சதவீதம் குறைந்திருந்தது. காலையில் கிளம்பும் முன், உலர்ந்த தோலில், வழக்கமாகக் கடிக்கும் இடத்தில் சுருக்கமில்லாமல் ஒரே அடுக்காக ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

சுடுகிற நிமிடம்

கொப்புளம் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. முதலில் அந்த இடம் லேசாகச் சுடும், பிறகு எரியும். அப்போது தோல் இன்னும் பிரிந்திருக்காது, சிவந்து மட்டும் இருக்கும். அந்த நிமிடத்தில் ஓரமாக உட்கார்ந்து, காலணியைக் கழற்றி, மணலைத் தட்டி, காலைத் துடைத்துக் காயவிட்டு, டேப் ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தால் கொப்புளம் வந்துவிடும்.

தனியாக நடப்பவருக்கு இது எளிது. குழுவாக நடப்பவருக்கு எளிதல்ல. பாட்டும் செபமுமாகத் தேர் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது "கொஞ்சம் நில்லுங்கண்ணே, கால் சுடுது" என்று சொல்லக் கூச்சம். புதிதாக வருகிறவர்களுக்கும், பெண்களுக்கும் அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஐந்து நிமிடம் எல்லோரும் உட்கார்ந்து காலணி கழற்றுவது என்று குழுத்தலைவரே வைத்துவிட்டால் யாரும் கேட்கவே வேண்டியதில்லை. இதனால் ஒரு நாளில் இழப்பது அரை மணி நேரம்தான்.

உடைக்கலாமா?

சின்னதாக, வலி இல்லாமல் இருந்தால் உடைக்கக் கூடாது. மேலே இருக்கும் தோல்தான் அதற்கு மிகச் சிறந்த கட்டு. சுற்றிலும் பஞ்சு வைத்து அழுத்தம் படாமல் டேப் ஒட்டினால் போதும். பெரிதாகி, ஊன்ற முடியாமல் வலித்தால் நீரை வெளியேற்றலாம். அதற்கு முன் சோப்புப் போட்டுக் கையையும் காலையும் கழுவ வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, மெதுவாக அழுத்தி நீரை விட வேண்டும். தோலை உரித்து எடுக்கக் கூடாது. மேலே கிருமிநாசினிக் களிம்பு வைத்துச் சுத்தமான துணியால் மூட வேண்டும். ரத்தம் கோத்த கொப்புளத்தைத் தொடவே வேண்டாம். கருவேல முள்ளால் குத்துவது, ஊசியில் நூல் கோத்து உள்ளே விட்டு அப்படியே நடப்பது எல்லாம் கிருமிக்கு வழிவிடும் வேலை. தடுப்பூசி போட்டுப் பல வருடம் ஆனவர்கள் கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு கொப்புளத்துக்கா இவ்வளவு? 1924 ஜூன் 30 அன்று அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன், சாக்ஸ் போடாமல் ஷூ மட்டும் போட்டு டென்னிஸ் விளையாடினான். கால்விரலில் கொப்புளம் வந்தது, அதில் கிருமி ஏறியது, ஜூலை 7 அன்று இறந்துபோனான். வெள்ளை மாளிகை மருத்துவர்களிடம் அன்று ஆன்டிபயாடிக் இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் நேரத்துக்குப் போனால்தான் பயன். கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காலில் மேல்நோக்கிக் கோடு போலச் சிவந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலிக்காத கால்தான் ஆபத்து

நேர்ச்சை காரணமாக வெறுங்காலோடு நடப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு உராய்வுக் கொப்புளத்தைவிடச் சூட்டுக் கொப்புளம்தான் பிரச்சினை. வெயிலில் தார்ச்சாலை காற்றைவிட 20 டிகிரிக்கு மேலும் சூடாகும். விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் நடந்து, நண்பகலில் நிழலில் இருப்பதே அவர்களுக்கு வழி. இருட்டில் நடப்பவர்கள் ஒளி தெறிக்கும் பட்டை போட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இது லாரிகள் ஓடும் சாலை.

ஆனால் சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கடலூருக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் அது 26.3 சதவீதம். பல வருடமாகச் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்வு குறையும். சுடுகிற அந்த நிமிடம் அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது ரத்தக்கறையைப் பார்த்துத்தான் தெரியும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1946-ல் சேர்ந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர், தொழுநோயாளிகளின் பாதங்களில் இதைத்தான் கண்டார். நோய் கால்களை நேரடியாகத் தின்னவில்லை; வலி தெரியாததால் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றிப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். வலி உள்ளவர் தன்னை அறியாமலே நடையை மாற்றி, அழுத்தத்தை வேறு இடத்துக்குத் தள்ளுவார். வலி இல்லாதவர் அதைச் செய்வதில்லை. அதற்காக அங்கே வளர்ந்ததுதான் மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் 'எம்.சி.ஆர்.' செருப்பு அதன் வழிவந்தது.

உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிப் படுத்திருப்பவரின் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இன்னொருவர் விரலால் ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், மருத்துவரைப் பார்க்காமல் நெடுநடைக்குக் கிளம்பக் கூடாது. மற்ற சர்க்கரை நோயாளிகளும் ஒவ்வொரு ஓய்விலும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். உள்ளங்காலுக்குக் கைக்கண்ணாடியோ, கைபேசி கேமராவோ போதும். இரவு வெந்நீரில் காலை ஊறவைப்பது இவர்களுக்கு ஆகாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். கொப்புளத்தைத் தாமே குத்தவும் கூடாது.

குடிகாடு பக்கத்தில் நடை தடுமாறுகிறவர்களுக்குத் திரும்பினால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. முன்னே போகிறவர்களுக்கு, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நடுவழியில் காய்ச்சலோ, பரவும் சிவப்போ தெரிந்தால் அதுவரை நடந்து போக வேண்டாம். 108-ஐக் கூப்பிடலாம், இல்லையென்றால் பின்னால் வரும் மூட்டை வேனில் ஏறிக்கொள்ளலாம்.