மருந்தை விரட்டும் உயிரணு. காட்டிக் கொடுக்கும் சாயம்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறார்கள். கட்டி கரைகிறது. வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். சில மாதங்களில் நோய் திரும்பி வருகிறது. முன்பு கேட்ட மருந்து இப்போது கேட்பதில்லை. வேறு மருந்து கொடுத்தால், சிலருக்கு அதுவும் பலிப்பதில்லை. அந்த இரண்டாவது மருந்தை அந்த உயிரணுக்கள் அதற்கு முன் கண்டதே இல்லை. பிறகு எப்படித் தாக்குப் பிடிக்கின்றன?

முதல் துப்பு 1973-ல் டென்மார்க்கில் கிடைத்தது. மருந்துக்கு மசியாத எலிப் புற்றணுக்கள், உள்ளே புகுந்த மருந்தைச் சக்தி செலவழித்து வெளியே தள்ளுவதை கெல்ட் டானோ காட்டினார். 1976-ல் கனடாவின் டொரான்டோ நகரில் ருடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும் இத்தகைய உயிரணுக்களின் மேற்பரப்பில் ஒரு பெரிய புரதத்தைக் கண்டார்கள். பி-கிளைக்கோபுரோட்டீன் என்று அதற்குப் பெயர். மருந்தை இறைத்துக் கொட்டும் பம்பு அதுதான் என்பது பின்னர் உறுதியாயிற்று. அவர்கள் எடுத்துக்கொண்ட உயிரணுக்கள் கால்சிசினுக்கு மசியாதவை. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்களே செங்காந்தள், அதில் இருக்கும் அதே கால்சிசின். நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினையும் இந்தப் பம்பு விட்டுவைப்பதில்லை. ஒன்றுக்கொன்று உறவில்லாத மருந்துகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாசல்!

சாயம் சொன்ன சேதி

உயிரணுவுக்குள் மருந்து போவதையும் வருவதையும் கண்ணால் காண்பது எளிதல்ல. ஒளிரும் சாயத்தைக் காணலாம். ரோடமின் 123 என்ற சாயத்தில் உயிரணுக்களை ஊறவைத்துக் கழுவி, நீல ஒளியில் பார்த்தால் பச்சையாக மின்னும். சாதாரண உயிரணு நெடுநேரம் மின்னிக்கொண்டிருக்கும். பம்பு உள்ள உயிரணுவோ விரைவில் மங்கிவிடும். மருந்தைத் தள்ளும் அதே பம்பு சாயத்தையும் தள்ளிவிடுகிறது. இருதய நோய்க்குத் தரும் வெராபமில் மருந்தைச் சேர்த்தால் பம்பு திணறும், சாயம் உள்ளேயே தங்கும்.

கால்சீன் சாயம் சொன்னது இன்னும் சுவையானது. வெளியே இருக்கும்போது இதன் ஒரு வகை ஒளிராது. உயிரணுவுக்குள் போனதும் அங்குள்ள நொதிகள் அதை வெட்டுகின்றன, அப்போதுதான் ஒளிரும். ஆனால் பம்பு உள்ள உயிரணு அவ்வளவாக ஒளிரவேயில்லை என்று 1993-ல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் சாயம் நொதிகளிடம் போய்ச் சேருவதற்குள், உயிரணுவின் எண்ணெய்ப் பசையுள்ள மேலுறையைக் கடக்கும்போதே, பிடிபட்டுவிடுகிறது. கூடத்துக்குள் வந்த திருடனை விரட்டுவது ஒன்று. மதில்மேல் கால் வைத்தவனையே தள்ளிவிடுவது வேறு.

எலிகள் இறந்தன

பம்பை அடைத்துவிட்டால் போதாதா? 1981-ல் ஜப்பானில் டகாஷி சுருவோ வெராபமில் கொண்டு அதைச் சாதித்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் நோயாளிக்கு அந்த அளவு கொடுத்தால் இருதயம் தாங்காது. பின்னால் வந்த அடைப்பு மருந்துகளும் பெரிய சோதனைகளில் தேறவில்லை. பம்பு நோயின் சொத்து மட்டுமல்ல. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளை இரத்தக் குழாய்கள் எல்லாவற்றிலும் காவல் நிற்பது.

ஆம்ஸ்டர்டாமில் இந்தப் பம்பின் ஜீனை நீக்கி எலிகளை வளர்த்தார்கள். பார்வைக்கு அவை நன்றாகவே இருந்தன. கூண்டில் உண்ணி வந்ததால் ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை; பம்பில்லாத எலிகள் இறந்தன. தடுக்க ஆளில்லாமல் மருந்து மூளைக்குள் ஏறியிருந்தது. இது 1994-ல் வெளிவந்த செய்தி.

இன்று மருந்து தயாரிப்போர் புதிய மருந்து எதையும் முதலில் இந்தப் பம்பிடம் காட்டிப் பார்க்கிறார்கள். அது தள்ளுகிறதா, விடுகிறதா என்று அறிய இந்தச் சாயங்களும் உதவுகின்றன.